அனுப்பவா, படிக்கவா?

கேள்வி: ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். எங்கள் தெருக்காரர்களும் சொந்தக்காரர்களுமாக நாற்பது பேர் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். சனி, ஞாயிறில் படிக்கத் தகுந்த 10 புத்தகங்கள், கூடவே அன்றாட வாழ்க்கையின் சின்னச் சின்ன சந்தோஷங்கள் 10, இரண்டையும் பட்டியலாகக் கொடுத்தால் குழுவில் அனுப்ப வசதியாக இருக்கும். சுருக்கமாக இருந்தால் நல்லது.
(ஒரு வாசகர், மன்னார்குடி)

பதில்: தர மாட்டேன். கோபித்துக்கொள்ளாமல் உங்கள் கேள்வியை நீங்களே ஒருமுறை வாசித்துப் பாருங்கள். "படிக்கத் தகுந்த" என்று ஓர் இடத்தில் வருகிறது, சரி. ஆனால் பட்டியல் எதற்காக என்று சொல்லும்போது "அனுப்ப வசதியாக" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பத்தில் ஒன்றையாவது நீங்கள் எடுத்துப் படிப்பதாக உத்தேசம் இருப்பதற்கு உங்கள் கடிதத்தில் எந்த அறிகுறியும் இல்லை.

பந்தியில் உட்கார வைத்து, இலையும் போட்டு, தண்ணீரும் தெளித்துவிட்டு, சமையற்காரர் எழுதிக் கொடுத்த மளிகைச் சாமான் பட்டியலை உரக்க வாசித்தால் எப்படி இருக்கும்? நாற்பது பேரும் கேட்டுவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். பசி அப்படியே இருக்கும்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்றால், கொஞ்சம் குறைவுதான். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு தீபாவளி மலருக்கு நானே அப்படி ஒரு நீளமான பட்டியல் தயாரித்தேன். அதில் மூன்று புத்தகங்களை நான் தொட்டதுகூட இல்லை. பெரியவர்கள் சொல்லிக் கேட்ட பெயர்கள். மலர் வெளிவந்த பத்தாம் நாள் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். சரியாக அந்த மூன்றில் ஒன்றைத்தான் கையில் வைத்திருந்தார். "கடைசி அத்தியாயம் எனக்குச் சமாதானமாகவே இல்லை சார், உங்களுக்கு எப்படி?" என்றார். காபி வரவழைத்தேன். வேறென்ன செய்ய?

பட்டியலைப் பற்றி நம் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. 1880-ஆம் வருஷம், கும்பகோணம். காலேஜில் தமிழ்ப் பண்டிதராக வேலைக்குச் சேர்ந்திருந்த உ.வே.சாமிநாதையர், ஊருக்கு முன்சீப் நீதிபதியாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். திருவாவடுதுறை மடத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருஷக்கணக்கில் பாடம் கேட்டவர் ஆயிற்றே! அந்தாதி, கலம்பகம், கோவை, உலா, பிள்ளைத்தமிழ் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. இதெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்கிற தோரணையில் உட்கார்ந்திருந்துவிட்டு, சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். படித்ததில்லை. அவ்வளவு நீளப் பட்டியல் ஒரே கேள்வியில் கவிழ்ந்துபோயிற்று. அடுத்த ஏழு வருஷம் அந்த ஒரு நூலோடு மல்லுக்கு நின்று, ஏடு ஏடாகத் தேடி ஒப்பிட்டு, 1887-இல் அச்சுக்குக் கொண்டுவந்தார். ஏடு தேடி அவர் ஊர் ஊராக அலைந்ததற்கெல்லாம் தொடக்கம் அந்தச் சந்திப்புதான்.

இதை எங்கே படித்தேன் என்றால், அவருடைய 'என் சரித்திரம்' புத்தகத்தில். உங்களுக்கு நான் சொல்லும் ஒரே புத்தகமும் அதுதான். தலையணை சைஸ் என்று பயப்பட வேண்டாம். மொத்தம் 122 அத்தியாயம். ஒவ்வொன்றும் ஒரு காபி ஆறுவதற்குள் முடிகிற நீளம். ஏன் அப்படி என்றால், 1940-இல் தொடங்கி ஆனந்த விகடனில் வாரத்துக்கு ஒன்றாக வந்தது அது. அன்றைக்கு அதைப் படித்தவர்கள் இரண்டு வருஷத்துக்கு மேல் வாரம் ஒன்று என்றுதான் படித்தார்கள். நீங்களும் சனிக்கிழமைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருஷத்துக்கு உங்கள் வாரக் கடைசிப் பிரச்சினை தீர்ந்தது. கடைசியில் கதை சட்டென்று பாதியில் நின்றுவிடும். 1942-இல் அவர் காலமாகிவிட்டார். புத்தகத்தில் குறை என்று சொன்னால் அது ஒன்றுதான்.

முதல் அத்தியாயமே பாபநாசத்துக்குப் பக்கத்தில் இருக்கும் உத்தமதானபுரம், அவர் ஊர். அந்த ஊர் உண்டானதற்குக் காரணம் ஒரு வாய் வெற்றிலை. சுற்றுப்பயணம் வந்த தஞ்சாவூர் ராஜா ஒருவர் ஏகாதசி என்பதை மறந்து தாம்பூலம் போட்டுக்கொண்டுவிட்டாராம். விரதம் கெட்டதற்குப் பிராயச்சித்தமாக அக்கிரகாரம் கட்டித் தானம் செய்தாராம். சின்னச் சந்தோஷம் கேட்டீர்களே, வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூரிலிருந்து மயிலாடுதுறை ரயிலில் போகும்போது பாபநாசம் ஸ்டேஷன் வந்தால் இப்போதெல்லாம் எனக்கு வெற்றிலை ஞாபகம்தான்.

ஒரே புத்தகம் என்றேன், ஆனால் தி.ஜானகிராமனைச் சொல்லாமல் விட்டால் கும்பகோணத்தில் நான் தெருவில் நடக்க முடியாது. அவரும் எழுத்தாளர் 'சிட்டி'யும் சேர்ந்து காவிரிக் கரையோடு போய்ப் பார்த்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'யை ஆற்றங்கரைப் படித்துறையில் வைத்துப் படியுங்கள். ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதமாக இருந்தால் வீட்டிலேயே படிப்பது மனசுக்கு நல்லது.

புத்தகம் வாங்கக் காசு வேண்டுமே என்பீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். ரூபாய்க்கு 10 காசு நூலக வரி என்று சேர்த்து வாங்கியிருப்பார்கள். சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன் பாடுபட்டு வந்த 1948-ஆம் வருஷத்துச் சட்டத்தின் புண்ணியம். கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. இரண்டாம் சனியை விட்டுவிட்டால் உங்களுடைய சனியும் ஞாயிறும் அங்கே திறந்துதான் கிடக்கின்றன. 'என் சரித்திரம்' நான் எடுத்தது அப்படி ஒரு கிளையில். பின்னட்டைக்குள் ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் கடைசி முத்திரை ஒன்பது வருஷப் பழசு. நூலகர் தூசியைத் தட்டிவிட்டு, "இதுவா சார்?" என்று இன்னொரு தடவை கேட்டுவிட்டுத்தான் முத்திரை குத்தினார்.

மன்னார்குடிக்காரருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் ஊருக்குப் பக்கத்து மேலவாசலில் எஸ்.வி.கனகசபைப் பிள்ளை என்ற ஓய்வுபெற்ற பொறியாளர் 1931-இல் ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை அடுக்கி ஊர் ஊராக அனுப்பினார். ரங்கநாதன் நூலகத்துக்கான ஐந்து விதிகளை வெளியிட்டதும் அதே 1931-இல்தான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது இரண்டாவது விதி. நாற்பது பேருக்கும் ஒரே பட்டியல் என்று எந்த விதியிலும் கிடையாது. மேலவாசல் வண்டியில் ஏறி வந்ததும் புத்தகம்தான், பட்டியல் இல்லை.

அப்புறம், அந்தப் பத்து சந்தோஷங்கள். நுரை தளும்பும் காபி, மழை, மண்வாசனை என்று நான் எழுதித் தர வேண்டும், நீங்கள் ஒரு பூப்படத்தோடு அனுப்ப வேண்டும், அப்படித்தானே? ஒன்றே ஒன்று சொல்கிறேன். மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி திறந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம் (எல்லா வருஷமும் அந்தக் கொடுப்பினை இல்லை). கல்லணைக்குத் தண்ணீர் வர மூன்று நாலு நாள். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பங்கு பிரித்து, நம் வயலோரத்து வாய்க்காலுக்கு வருவதற்குள் ஆனி பாதி ஓடிவிடும்.

அந்த முதல் தண்ணீர் பார்ப்பதற்குத் தண்ணீர் மாதிரியே இருக்காது. பழுப்பு நுரையும் மூங்கில் சருகும் ஒற்றைச் செருப்பும் முன்னால் தள்ளிக்கொண்டு, நடை பழகும் குழந்தை வேகத்தில் வரும். பாளம் பாளமாக வெடித்த களிமண்ணில் இறங்கும்போது நின்றுவிடும். போய்விட்டதோ என்று நினைப்போம். வெடிப்புக்குள்ளே புஸ்புஸ் என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும். உள்ளே குடியிருந்த பூச்சிகள் மேலே ஓடிவரும். அதற்கென்றே மைனாக்கள் கரையில் வரிசையாகக் காத்திருக்கும். வெடிப்பு நிறைந்ததும் தண்ணீர் மறுபடி நடக்கும்.

ஒரு வருஷம் நான் இதைச் செல்போனில் படம் பிடித்தேன். பதினாலு விநாடி. அந்தப் புஸ்புஸ் சத்தம் பதிவாகவில்லை, நானும் அந்த வருஷம் அதைக் கேட்கவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற பையன் படம் எதுவும் பிடிக்காமல் திருப்பூரில் இருக்கும் அக்காவைக் கூப்பிட்டான். "அக்கா, தண்ணி வந்துடுச்சு." அந்தப் பக்கம் பனியன் கம்பெனி இரைச்சலுக்கு நடுவே அவள் கத்தியது எனக்கே கேட்டது. "டேய், பெரிய வாய்க்கால்லயா, நம்ம வாய்க்கால்லயா?"

நான் எடுத்த பதினாலு விநாடியைப் பார்த்துவிட்டு அப்படி யாரும் கேட்கவில்லை. இருபத்தெட்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

இந்தச் சனிக்கிழமை 'என் சரித்திரம்' முதல் அத்தியாயம். நூலகம் தூரமென்றால் இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. நீங்கள் எப்படியும் கையில் செல்போனோடுதான் இருப்பீர்கள். இரண்டாம் அத்தியாயத்தில் என்ன இருக்கிறது என்பதை நீங்கள்தான் எனக்கு எழுத வேண்டும். அஞ்சலட்டை 50 காசு. குழுவுக்கு அதற்கப்புறம் அனுப்பிக்கொள்ளலாம்.