மண்ணுக்கடியில் குழாய் பதித்தால் ஏசி வேண்டாமா?

கேள்வி: பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் 5 சென்டில் வீடு கட்டப்போகிறோம். 10 அடி ஆழத்தில் குழாய் பதித்து, அதன் வழியாகக் காற்றை உள்ளே இழுத்தால் ஏசியே வேண்டாம் என்கிறார்கள். நம்பிச் செய்யலாமா?

பதில்: காற்று குளிரும். ஆனால் ஏசி வேண்டாம் என்கிற அளவுக்கு நம்மூரில் குளிராது.

பத்தடிக்குக் கீழே மண்ணின் வெப்பம் அந்த ஊரின் வருடச் சராசரியை ஒட்டியே நிற்கும். சிக்கலே அங்கேதான். வடக்கே குளிர்காலம் மண்ணை ஆற்றிவிடுகிறது. குருகிராமுக்கு அருகே குவால் பஹாரியில் டெரி என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனம் கட்டிய வளாகத்தில் 4 மீட்டர் ஆழத்தில் இப்படிச் சுரங்கம் போட்டிருப்பது அந்த மண்ணை நம்பித்தான். திருநெல்வேலியில் மார்கழியில்கூட யாரும் கம்பளி தேடுவதில்லை. மண்ணும் 29 டிகிரியை ஒட்டியே கிடக்கும். கத்திரி வெயிலில் 39 டிகிரிக் காற்று உள்ளே போனால் 32 டிகிரியாக வெளியே வரும், அவ்வளவுதான்.

கணக்கும் போட்டுப் பார்த்துவிடலாம். 6 அங்குலக் குழாய், 30 மீட்டர் நீளம், நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் காற்று என்றால் கிடைக்கும் குளிர்ச்சி சுமார் 450 வாட். ஒரு டன் ஏசி தருவது 3,500 வாட். அதை எட்ட ஏழெட்டுக் குழாய்களை இடைவெளி விட்டுப் பதிக்கவேண்டும். 5 சென்டில் எங்கே போவீர்கள்? தவிர, 29 டிகிரி மண்ணில் காற்றின் ஈரம் படிந்து வடியாது. புழுக்கம் அப்படியே இருக்கும், மின்விசிறி சுற்றத்தான் வேண்டும்.

அந்தப் பணத்தை முதலில் தட்டட்டியில், அதாவது மொட்டைமாடியில் போடுங்கள். மதிய வெயிலில் வெறும் கான்கிரீட் 60 டிகிரியைத் தொடும். அந்தச் சூடுதான் ராத்திரி கட்டிலில் படுத்தவர் தலையில் இறங்குகிறது. வெள்ளை கூலிங் டைல்ஸ் ஒட்டலாம். முடியாவிட்டால் வருடாவருடம் கோடைக்கு முன் சுண்ணாம்பு அடியுங்கள். மேற்குச் சுவருக்கு நிழல் கொடுங்கள், ஆனால் ஜன்னலை அடைத்துவிடாதீர்கள். ஆனி, ஆடியில் மேல்காற்று அந்தப் பக்கமிருந்துதானே வருகிறது.

அப்புறமும் ஆசை விடவில்லையா? சரி, தண்ணீர்த் தொட்டிக்கு ஜேசிபி வரும்போதே ஒரு படுக்கையறைக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். சரளைக்குக் கீழே பாறை தட்டினால் விட்டுவிடுங்கள், உடைக்கிற கூலி கட்டாது. செப்டிக் டேங்கை விட்டு நன்றாகத் தள்ளியே போகட்டும். உள்ளே புகும் மழைநீர் வடிய வாட்டம் வேண்டும். எலி, பாம்பு நுழையாமல் வாயில் கம்பிவலை கட்டாயம். இரவில் குழாய் விசிறியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறங்கள். மே மாதத்திலும் விடியற்காலைக் காற்று குழாய்க் காற்றைவிடக் குளிர்ச்சியாகவே இருக்கும்.