ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் 'மதர் கரேஜ்' நாடகத்தில் அந்தத் தாய் வேடத்தை முதலில் நடித்தவர் தெரேசே கீசேதானா? யார் அவர்?

ஆமாம், அவரேதான். பலரும் பிரெக்டின் மனைவியும் நடிகையுமான ஹெலனே வைகல் என்று நினைப்பார்கள், ஆனால் வைகல் பெர்லினில் நடித்தது 1949-இல். கீசே 1941-லேயே சூரிச்சில் நடித்துவிட்டார்.

1898-இல் மியூனிக்கில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1933 ஜனவரியில் எழுத்தாளர்கள் எரிகா மான், கிளாவுஸ் மானோடு சேர்ந்து 'மிளகு ஆலை' என்று ஒரு நையாண்டி மேடை தொடங்கினார், நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் அதே வருடம் சுவிட்சர்லாந்துக்குத் தப்ப வேண்டியதாயிற்று. 1936-இல் ஆங்கில எழுத்தாளர் ஜான் ஹாம்ப்சனைக் கல்யாணம் செய்ததும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்காகத்தான்.

மதர் கரேஜ் போரை வைத்து வியாபாரம் செய்து பிழைப்பவள், அதே போரில் பிள்ளைகளை இழப்பவள். சூரிச் விமர்சகர்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாயைப் பார்த்து உருகிப்போக, போரில் காசு பார்க்கும் வியாபாரி கண்ணில் படாமலே போனாள். பிரெக்ட் எரிச்சலாகி நாடகத்தையே திருத்தினார். என்னைக் கேட்டால் அது நடிகையின் குறையே இல்லை.

அப்புறம் சினிமா: பிரெஞ்சு இயக்குநர் லூயி மாலின் 'லகோம்ப், லூசியன்' (1974) படத்தில் அதிகம் பேசாத பாட்டியாக வருவார், பாருங்கள்.