ஏற்காட்டுக்கு கேஸ் கிரில்: அடுப்புக்கு முன்னால் சிலிண்டரைப் பாருங்கள்

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “மாதம் ஒருமுறை ஏற்காட்டில் சித்தப்பாவின் காப்பித் தோட்டத்து வீட்டுக்குப் போவோம். பெரியவர்களும் பிள்ளைகளுமாக ஆறு பேர். வாசலில் கோழியும் மீனும் சுட்டுச் சாப்பிடுவது வழக்கம். பனி நாட்களில் கரி பற்றவே பெரும்பாடாக இருக்கிறது. கடையில் இரண்டு கேஸ் கிரில் பார்த்தோம். ஒன்று சின்ன கேனை உள்ளேயே மாட்டுவது, இன்னொன்று டியூப் வைத்து சிலிண்டரில் மாட்டும் இரண்டு பர்னர் மாடல். எதை வாங்கலாம்? வீட்டுச் சிலிண்டரையே காரில் கொண்டுபோகலாமா?”

இரண்டு பர்னர் மாடலையே வாங்குங்கள். வீட்டுச் சிலிண்டர் வேண்டாம், 5 கிலோ சிலிண்டர் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் தட்டின் பளபளப்பைக் காட்டுவார், நாமும் அதைத்தான் பார்ப்போம். ஆனால் மலையில் சமையல் நடக்குமா நிற்குமா என்பது கேஸைப் பொறுத்தது. சின்ன கேனில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். அது கிட்டத்தட்ட பூஜ்ஜியம் டிகிரிக்கு மேல் இருந்தால்தான் ஆவியாகும். ஏற்காட்டில் அவ்வளவு குளிர் இல்லையே என்று தோன்றும். டிசம்பர், ஜனவரி இரவில் 15 டிகிரிக்குக் கீழே போகும், அவ்வளவுதான். ஆனால் திரவம் ஆவியாகும்போது கேனின் சூட்டையே உறிஞ்சிக்கொள்கிறது. அரை மணி நேரம் எரிந்த கேனைத் தொட்டுப் பாருங்கள், ஐஸ் மாதிரி இருக்கும். ஒரு மார்கழி மாலையில் எனக்கு இதுதான் நடந்தது. கோழி பாதி வெந்திருக்கும்போது தீ சுருங்கிவிட்டது, கேன் மேல் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது, உள்ளே இன்னும் பாதி கேஸ் இருந்தது. பிள்ளைகள் பசியோடு காத்திருக்க, மீதியை வீட்டுக்குள் வாணலியில் போட்டு முடித்தோம். இந்த மாதிரி நேரத்தில் கேனை வெந்நீரில் வைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சிலிண்டரில் வருவது பியூட்டேனும் புரோப்பேனும் கலந்த கேஸ். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். சிலிண்டரும் பெரிது என்பதால் சீக்கிரம் குளிர்ந்துபோகாது. நம் மலைக் குளிருக்கு அது அசராது.

கணக்கும் இதற்குத்தான் சாதகம். ஒரு கிலோ கேஸில் சுமார் 12.7 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம் இருக்கிறது. இரண்டரை கிலோவாட் பர்னரில் 220 கிராம் கேன் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். ஆறு பேருக்குச் சுட அது போதாது. இரண்டு பர்னரும் சேர்ந்து 4 கிலோவாட் என்றால்கூட, முழுத் தீயில் 5 கிலோ சிலிண்டர் 15 மணி நேரம் தாண்டும்.

கேன் மாடலில் இன்னொரு ஆபத்து உண்டு. அதன் மேல் அகலமான தோசைக்கல்லையோ பெரிய தட்டையோ வைத்தால் சூடு திரும்பி கேன் இருக்கும் அறைக்குள் இறங்கும். கேன் வெடிப்பது பெரும்பாலும் இப்படித்தான். அதே போல சித்திரை வெயிலில் சேலத்தில் கண்ணாடி மூடி நிறுத்திய காருக்குள் கேனை விட்டுவிட்டுப் போகவே கூடாது. 50 டிகிரிக்கு மேல் சூடு படக் கூடாத பொருள் அது.

வீட்டு 14.2 கிலோ சிலிண்டர், பதிவு செய்த முகவரியில் சமைப்பதற்காகக் கொடுக்கப்பட்டது. அதைக் காரில் ஏற்றி இறக்குவதும் சிரமம். 5 கிலோ சிலிண்டரை ஏஜென்சியிலும் சில பெட்ரோல் பங்க்குகளிலும் அடையாள அட்டை காட்டி வாங்கலாம், முகவரிச் சான்று வேண்டாம். ரெகுலேட்டரையும் அங்கேயே வாங்கினால் வால்வுக்குப் பொருந்தும். வெளிநாட்டு கிரில்லோடு வரும் ரெகுலேட்டர் நம் வால்வில் உட்காராது. அதற்கென்று யாரோ கடைந்து தரும் அடாப்டரை நம்பாதீர்கள். பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதில் கேஸ் பிடித்துத் தரும் இடங்களுக்கும் போகாதீர்கள்.

20 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்தே இருக்கும்படி கட்டுங்கள், ஜன்னலைச் சற்று இறக்கிவையுங்கள். இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் காரின் தரையிலேயே தேங்கும். மேலே போய் மாட்டியதும் டியூப் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் பற்றவைக்க வேண்டாம். எவ்வளவு மழை பெய்தாலும் மூடிய வராந்தாவுக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கிரில்லைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. மாசி, பங்குனியில் வாசலில் சில்வர் ஓக் சருகு குவிந்திருக்கும், கூட்டித் தள்ளிவிட்டு, பக்கத்தில் ஒரு வாளி மண் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

சரி, இரண்டு பர்னர் எதற்கு? கோழித் தொடைக்கு. ஒரே பர்னரில் வைத்தால் தோல் கருகி எலும்போரம் சிவப்பாக நிற்கும். ஒரு பக்கம் மட்டும் எரியவிட்டு அதில் நிறம் ஏற்றுங்கள், அப்புறம் எரியாத பக்கம் தள்ளி மூடியைப் போட்டுவிடுங்கள், உள்ளே பதமாக வேகும். அதனால் மூடி இல்லாத மாடல் வேண்டாம். மேட்டூர் அணை மீனுக்கு இந்த வித்தை தேவையில்லை, நல்ல சூட்டில் பக்கத்துக்குச் சில நிமிடம் போதும். கரியின் மணம் கேஸில் அப்படியே வராது. பர்னருக்கு மேல் சாய்வான தகடு உள்ள மாடலில் கொழுப்பு சொட்டிப் புகைந்து ஓரளவு மணம் ஏறும்.

1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும் என்பதால் சோறு, பருப்புக்குத்தான் நேரம் கூடும், தட்டில் சுடுவதற்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. பொத்தான் அழுத்திப் பற்றவைக்கும் வசதி ஈரப் பனியில் மக்கர் செய்யும், நீளமான லைட்டர் ஒன்று கையில் இருக்கட்டும்.

தட்டுக்கு நான் வார்ப்பிரும்பையே சொல்வேன், சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும். உடல் பகுதி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். காந்தம் ஒட்டாவிட்டால் உயர்ந்த ரகம் என்று கடையில் சொன்னால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது, ஆனால் சீக்கிரம் துருவேறும் 202-லும் ஒட்டாது. எந்த ரகம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். வார்ப்பிரும்புத் தட்டை மலையிலிருந்து இறங்கும் முன் சுரண்டித் துடைத்து, சூடு இருக்கும்போதே தோசைக்கல்லுக்குத் தடவுவது போல எண்ணெய் தடவி, செய்தித்தாளில் சுற்றி எடுத்து வாருங்கள். ஈரத்தோடு வைத்தால் அடுத்த மாதம் துருவைத்தான் தேய்க்க வேண்டியிருக்கும்.