குஞ்சு தானாக வெளியே வரட்டும்

வாசகர் கேள்வி பதில்: புறக்கடைக் கோழி வளர்ப்பு

தை பிறந்துவிட்டால் அடைக்கோழிக் கடிதங்கள் வர ஆரம்பித்துவிடும். கால்நடை ஆய்வாளராக ஊர் ஊராக அலைந்த காலத்திலும் சரி, ஓய்வுபெற்று ஒட்டன்சத்திரம் பக்கம் சிறுவிடை என்ற சின்ன நாட்டுக்கோழிகளோடு இருக்கும் இப்போதும் சரி, என்னிடம் அதிகம் கேட்கப்படுபவை இந்தக் கேள்விகள்தான்.

நாலு நாளாக எங்கள் கோழி கூடையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கை வைத்தால் கொத்துகிறது. முட்டையும் நின்றுவிட்டது. இது நோயா, அடையா? அடை என்றால் எத்தனை முட்டை வைக்கலாம்?
(வாசகி, மணப்பாறை)

அடைதான் அம்மா, பயப்படாதீர்கள். நோய்ப்பட்ட கோழி கழுத்தைத் தொங்கப்போட்டு ஒதுங்கி நிற்கும், கொத்த வராது. அடைக்கோழி நாம் கிட்டப் போனதும் இறகைச் சிலிர்த்து, உடம்பைப் பரப்பி, தொண்டைக்குள்ளேயே ஒரு குரல் கொடுக்கும். நெஞ்சுப் பக்கம் தடவிப் பாருங்கள். இறகு உதிர்ந்து தோல் சூடாக இருக்கும். அந்தச் சூடுதான் முட்டைக்குப் போகிறது. நாளுக்கு ஒருமுறை இறங்கி, பெரிய உருண்டையாக, நாற்றம் தாங்காத எச்சம் போட்டுவிட்டு ஓடிவந்து உட்கார்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் உடனே நல்ல முட்டைகளை வைத்துவிடாதீர்கள். கடையில் வாங்கிய வெள்ளை முட்டை இரண்டை வைத்து ஓரிரு இரவு பாருங்கள். நிலைத்து உட்கார்ந்தால், இருட்டிய பிறகு அதை எடுத்துவிட்டு நல்ல முட்டைகளை வையுங்கள். இருட்டில் செய்தால் கோழி மிரளாது.

சிறுவிடைக்கு 10 முட்டை போதும், உடம்பு அகன்ற கோழியென்றால் 12. இறகுக்கு வெளியே ஒரே ஒரு முட்டை தெரிந்தாலும் அது அதிகம்தான். 'ஒன்றுதானே, போனால் போகட்டும்' என்று விடக்கூடாது. கோழி முட்டைகளை உருட்டி உருட்டி இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். இன்று ஓரத்தில் குளிர்ந்தது நாளை நடுவுக்குப் போகும், நடுவில் இருந்தது ஓரத்துக்கு வரும். கடைசியில் ஒரு முட்டைக்குப் பதில், வைத்த முட்டைகளில் பாதி வீணாகும்.

அடைக்கு எடுக்கும் முட்டை இட்டு ஒரு வாரத்துக்குள் இருக்க வேண்டும், வெயில் காலத்தில் இன்னும் புதிதாக. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தது வேண்டாம். கூர்முனை கீழே இருக்கும்படி நிழலான இடத்தில் சேர்த்து வையுங்கள். அழுக்காக இருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள், கழுவாதீர்கள். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, தண்ணீரோடு கிருமியும் உள்ளே போய்விடும். வைப்பதற்கு முன் ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். வேறு கோழி வந்து இட்டுவிட்டுப் போன முட்டையை அப்போதுதான் கண்டுபிடித்து எடுக்க முடியும்.

மூங்கில் கூடையோ அகன்ற மண்சட்டியோ நல்லது. பிளாஸ்டிக் பேசின் வேர்க்கும், வேண்டாம். அடியில் மணல், மேலே வைக்கோல். தீனியும் தண்ணீரும் கூடைக்குப் பக்கத்திலேயே வைக்காமல் நாலு எட்டு தள்ளி வையுங்கள். அப்போதுதான் எழுந்து போய்த் தின்று, எச்சம் போட்டு, மண்ணில் புரண்டுவிட்டு வரும். 15, 20 நிமிடம் எழுந்து போவதால் முட்டைக்கு ஒன்றும் ஆகாது. எழுந்திருக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் கோழியை நாளுக்கு ஒருமுறை நீங்களே தூக்கி வெளியே விடுங்கள். தூக்குமுன் இறக்கைக்கு அடியில் முட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கை விட்டுப் பாருங்கள்.

அவயம் (அடை) வைத்த கூடையில் என் மாமியார் இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, மிளகாய் வற்றல் போட்டு வைக்கிறார். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடுமாம். உண்மையா?
(வாசகி, தேனி)

இடிச் சத்தத்தால் கரு சாகாது. மாமியார் போட்டது போட்டபடி இருக்கட்டும், அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. நீங்கள் கூரையைப் பாருங்கள். இடியோடு வரும் மழையில் கூடை நனைந்தாலோ, கோழி மிரண்டு இரவெல்லாம் வெளியே நின்றாலோ முட்டை குளிர்ந்து கெடும்.

கெட்ட முட்டையைக் கண்டுபிடிக்க 7ஆம் நாள் இரவு, இருட்டறையில் செல்போன் டார்ச்சின் மேல் முட்டையின் அகன்ற முனையை வைத்துப் பாருங்கள். கரு பிடித்திருந்தால் நடுவில் ஒரு கரும்புள்ளியும் அதைச் சுற்றிச் சிலந்திக்கால் போலச் சிவப்பு நரம்புகளும் தெரியும். ஒன்றுமே இல்லாமல் வெளிச்சமாக இருந்தால் கூமுட்டை, எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் அழுகி, வெடித்து, மற்ற முட்டைகளையும் கெடுக்கும். 14ஆம் நாள் இன்னொரு முறை பார்க்கலாம். 18ஆம் நாளுக்குப் பிறகு தொடவே வேண்டாம்.

21ஆம் நாள் காலையில் ஓட்டில் சின்னத் துளை தெரிந்தது. உள்ளே குஞ்சு கத்திக்கொண்டே இருந்தது. சாயங்காலம் வரை வெளியே வராததால் பாவப்பட்டு ஓட்டைப் பிரித்துவிட்டேன். ரத்தம் வந்தது. ராத்திரிக்குள் குஞ்சு செத்துவிட்டது. ஏன்?
(வாசகர், அரவக்குறிச்சி)

இந்தக் கடிதத்தைத்தான் எல்லாரும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இரக்கப்பட்டுத்தான் செய்தீர்கள், தம்பி. ஆனால் துளை விழுந்துவிட்டது என்றால் குஞ்சு தயாராகிவிட்டது என்று அர்த்தமில்லை.

துளைக்கு முன்பே அது முட்டையின் அகன்ற பக்கத்துக் காற்றறைக்குள் மூக்கை நுழைத்து முதல் மூச்சு விட்டிருக்கும். அப்புறம் மூக்கு நுனியில் இருக்கும் சின்ன வெள்ளைப் பல்லால் ஓட்டைக் குத்தும். பொரித்த சில நாளில் அந்தப் பல் விழுந்துவிடும். முதல் துளை விழுந்ததும் குஞ்சு ஓய்ந்துபோய்க் கிடப்பதாக நமக்குத் தோன்றும். அது ஓய்வு இல்லை. ஓட்டின் உள்தோலில் ஓடும் ரத்தம் குஞ்சின் உடம்புக்குள் திரும்புவதும், மீதி மஞ்சள்கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் போவதும் அந்த நேரத்தில்தான் முடிகின்றன. துளை விழுந்து முழுதாக வெளியே வர 12 மணி நேரம் ஆகலாம், ஒரு நாள் முழுக்கவும் ஆகலாம். நீங்கள் பிரித்தபோது அந்தத் தோலில் இன்னும் ரத்தம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

இன்னொன்று. நாம் பார்க்கிற ஆசையில் கோழியை அடிக்கடி தூக்கினால் அடியிலிருக்கும் ஈரம் போய், உள்தோல் காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். அப்படியானால் நல்ல குஞ்சும் திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்ளும். ஒரு நாள் முழுக்கக் கடந்தும் துளை பெரிதாகவில்லை என்றால், வெதுவெதுப்பான தண்ணீரில் விரலை நனைத்துத் துளையைச் சுற்றி ஓட்டின் மேல் மட்டும் தடவிவிட்டு, கோழிக்கு அடியிலேயே திரும்ப வையுங்கள். அதற்கு மேல் நாம் செய்யக்கூடாது.

கிட்டப் போய்க் கேளுங்கள், தொட வேண்டாம். ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சு கத்தும், தாய் மெல்லிய குரலில் பதில் கொடுக்கும். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுத்ததில்லை.

பொரித்த குஞ்சுக்கு உடனே தீனி வேண்டுமே என்றும் பதற வேண்டாம். வயிற்றுக்குள் போன மஞ்சள்கரு இரண்டு நாள் தாங்கும். அதனால்தான் முதலில் பொரித்தவை தாயின் இறகுக்குள் காத்திருக்க, கடைசி முட்டைகளும் பொரிக்க நேரம் கிடைக்கிறது. முதலில் தண்ணீர் காட்டுங்கள். தட்டையான மண்தட்டில் கூழாங்கல் பரப்பி ஊற்றுங்கள், இல்லாவிட்டால் குஞ்சு விழுந்து மூழ்கிவிடும். அப்புறம் அரிசி நொய்யோ உடைத்த கம்போ போடலாம். அது மட்டும் போதாது, குஞ்சுக்குப் புரதம் வேண்டும். குஞ்சுத்தீவனம் வாங்க வசதியில்லை என்றால் ஒரு பழைய மண்பானையில் காய்ந்த சாணமும் கிழிந்த சாக்கும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். விடிந்ததும் தூக்கிக் கொட்டினால் பானை நிறையக் கரையான் இருக்கும். தாய் கூப்பிட்டுக் காட்ட, குஞ்சுகள் ஓடி ஓடிப் பொறுக்கும்.

கினிக்கோழி முட்டையையும் நாட்டுக்கோழி முட்டையையும் சேர்த்து அடை வைக்கலாமா?
(வாசகர், புதுக்கோட்டை)

வைக்கலாம், ஆனால் ஒரே நாளில் வேண்டாம். கினி பொரிக்க 26 முதல் 28 நாள் ஆகும், கோழிக்கு 21. கினி முட்டையை முதலில் வைத்து, ஒரு வாரம் கழித்துக் கோழி முட்டையை வையுங்கள். ஒரே நாளில் வைத்தால் கோழிக்குஞ்சுகள் வந்ததும் தாய் இறங்கிவிடும், கினி முட்டை அனாதையாகும்.

அடையில் இருக்கும் கோழி மெலிந்து, கொண்டை வெளுத்துவிட்டது. கூடையைத் தொட்டால் கையில் பொடிப்பொடியாக ஏறுகிறது.
(வாசகி, சங்கரன்கோவில்)

செல் என்கிற பொடிப்பூச்சி பிடித்திருக்கிறது. பகலில் கூடையின் இடுக்கில் ஒளிந்து, இரவில் வந்து ரத்தம் குடிக்கும். சிலர் மண்ணெண்ணெய் தெளிப்பார்கள், தயவுசெய்து வேண்டாம், ஓட்டின் துளை வழியாகக் கருவுக்குப் போகும். வேறு கூடையில் புது வைக்கோலும் வேப்பிலையும் பரப்பி, இருட்டிய பிறகு முட்டைகளை மாற்றுங்கள். பழைய வைக்கோலை எரித்துவிடுங்கள். கோழி இறங்கிப் புரள மணலோடு அடுப்புச் சாம்பல் கலந்து வையுங்கள். அடுத்த முறை அடை வைப்பதற்கு முன்பே கோழியின் இறகுக்குள் வசம்புத் தூள் தேய்த்துவிட்டால் இந்தத் தொல்லை குறையும்.

தாயோடு திரியும் குஞ்சுக்கும் தடுப்பு மருந்து வேண்டுமா?
(வாசகர், அறந்தாங்கி)

கட்டாயம் வேண்டும். பருந்து ஒன்றைத் தூக்கும், கீரி இரண்டைத் தூக்கும். வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய் வந்தால் பஞ்சாரமே காலியாகிவிடும். 7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ இந்த நோய்க்கான லசோட்டா தடுப்பு மருந்து ஒரு சொட்டு. 8ஆம் வாரம் அதே நோய்க்கு ஆர்.டி.வி.கே. என்ற தடுப்பூசி. நோய் வந்தபின் இதற்கு மருந்து கிடையாது. மருந்தைப் பனிக்கட்டி வைத்த டப்பாவில் எடுத்துவந்து, கலந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஒரு குப்பி நூறு குஞ்சுக்கு வரும். அதனால் தெருவில் குஞ்சு வைத்திருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே நாளில் போட்டுக்கொள்ளுங்கள்.

முட்டைதான் வேண்டும், அடை வேண்டாம். தெளிய வைக்க மூக்கில் இறகு குத்துகிறார்கள். செய்யலாமா?
(வாசகி, தாராபுரம்)

கூடாது. தண்ணீரில் முக்குவதும் வேண்டாம். கம்பிவலை அடித்தளம் போட்ட கூண்டைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, வைக்கோல் எதுவும் போடாமல் கோழியை உள்ளே விடுங்கள். அடிவயிற்றில் காற்றுப் பட்டால் சூடு தணிந்து மூன்று நான்கு நாளில் அடை தெளியும். அந்த நாட்களில் தீனியும் தண்ணீரும் தாராளமாக வையுங்கள். பட்டினி போட்டால் அடை தெளிந்தாலும் முட்டைக்கு வரத் தாமதமாகும்.