வலது காதில் விழும் அடி

வணக்கம்.

அமெரிக்கப் பாடகி டோனா சம்மரின் 'ஐ ஃபீல் லவ்' பாட்டைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரி வந்தது. தேடிப்பிடித்து போனில் கேட்டேன். "பொத்தானை அமுக்கினால் மெஷின் வாசிக்கிறது, இதில் என்ன உயிர் இருக்கிறது?" என்கிறார்கள் நண்பர்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அதே பேஸை, அதாவது அடியில் ஓடும் கனத்த ஸ்வர வரியை, லேப்டாப்பில் அரைமணி நேரத்தில் போட்டுவிட்டேன். ஆனால் அசல் மாதிரி ஓடவில்லை, நொண்டுகிறது. வந்த காலத்தில் அந்தப் பாட்டை எப்படி வரவேற்றார்கள்? டிஸ்கோ இசைத்தட்டுகளை வெடிவைத்து உடைத்தார்களாமே? நான் எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?

ர., திருப்பூர்

அன்புள்ள ர.,

வரவேற்பு நன்றாகவே இருந்தது. 1977இல் முதலில் வேறொரு மெல்லிய பாட்டின் பின்பக்கமாகத்தான் வந்தது. நடன அரங்குகளில் தட்டைத் திருப்பிப் போட்டார்கள், பின்பக்கம் முன்பக்கமாகிவிட்டது. அந்த ஜூலையில் பிரிட்டனில் முதலிடம், நான்கு வாரம். அமெரிக்காவில் 6ஆம் இடம்வரை போனது. தட்டு உடைத்தது 1979 ஜூலை 12, சிகாகோவின் கொமிஸ்கி பார்க் மைதானத்தில். அந்தக் கூட்டத்தின் வெறுப்பு இந்த ஒரு பாட்டின் மேல் இல்லை, அதை விடுங்கள். சாஃப்ட்வேரையும் விடுங்கள், உங்களிடம் இருப்பதே போதும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒரே சொல்: 'நொண்டுகிறது'. அதைக் காது கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறது. பிறகு ஏன் நண்பர்கள் பேச்சைக் கேட்கிறீர்கள்? பொத்தானை அமுக்கினால் வந்துவிடும் என்றால் உங்களுக்கும் வந்திருக்க வேண்டாமா? நொண்டுகிற இடத்தில்தான் அந்த மனிதர்களின் உழைப்பு இருக்கிறது. அதைத் தேடாமல் 'உயிரில்லை' என்று எழுதியது எனக்கு வருத்தம்.

மியூனிக்கின் மியூசிக்லேண்ட் ஸ்டூடியோ. ஜார்ஜியோ மொரோடரும் பீட் பெலாட்டும் தயாரிப்பாளர்கள். அலமாரி அளவுள்ள மூக் மாடுலர் சின்தசைசர் (மின்சாரத்தால் ஒலி உண்டாக்கும் கருவி), எபர்ஹார்ட் ஷோனர் என்ற இசையமைப்பாளருடையது. அதைக் கையாளத் தெரிந்தவர் அவருடைய உதவியாளர் ராபி வெடெல். பாட்டைப் பற்றிப் பேசுகிற பலருக்கு இந்தப் பெயர் தெரியாது, நீங்களாவது நினைவில் வையுங்கள். அந்தக் கருவி சூடேறச் சூடேறச் சுருதி விலகும், வெயிலில் வைத்த தம்புரா மாதிரி. கொஞ்சம் பதிவு செய்வது, நிறுத்திச் சுருதி சேர்ப்பது, விட்ட இடத்தில் தொடர்வது என்று துண்டு துண்டாகத்தான் போக முடிந்தது. துண்டுகள் தாளம் தப்பாமல் ஒட்ட என்ன வழி? 16 ஒலிகளைத் தனித்தனித் தடங்களில் (டிராக்) பதியும் டேப்பில் ஒரு டிராக்கை ஒதுக்கி, அதில் வெறும் துடிப்பைப் பதித்தார் வெடெல். டேப்பை ஓட்டினால், ஸ்வரங்களை வரிசையாக வாசிக்கவைக்கும் சீக்வென்சர் அந்தத் துடிப்பைப் பிடித்துக்கொண்டு ஓடும். இன்று உங்கள் லேப்டாப் கேட்காமலே செய்கிற வேலை இது. அன்று ஒருவர் யோசித்து, சோதித்துச் செய்ய வேண்டியிருந்தது.

இப்போது உங்கள் பேஸுக்கு வருகிறேன். அசலில் பேஸ் இடது பக்கம் நேராக வருகிறது. அதன் எதிரொலி வலது பக்கம், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் விழுகிறது. நீங்கள் கேட்கிற படபடப்பு இந்த இரண்டும் சேர்ந்தது. நீங்கள் இரண்டையும் நேரடியாக வாசிக்கவைத்து நடுவில் குவித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

டெம்போ நிமிடத்துக்கு 126 அடி வையுங்கள். ஒரு அடிக்கு 476 மில்லி விநாடி. அடிக்கு இரண்டு ஸ்வரம் என்றால் இடைவெளி 238. ஆகவே டிலே, அதாவது எதிரொலி தாமதிக்கிற நேரம், அதில் பாதி: 119. பேஸ் டிராக்கை முழுக்க இடது பக்கம் தள்ளுங்கள். டிலேயைத் தனி டிராக்கில் போட்டு முழுக்க வலது பக்கம் தள்ளி, அதில் எதிரொலி மட்டும் வரும்படி வையுங்கள், நேர் ஒலி கொஞ்சமும் கலக்கக் கூடாது. ஃபீட்பேக், அதாவது எதிரொலியே மறுபடி எதிரொலிப்பது, பூஜ்யம். இதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். ஃபீட்பேக் கொஞ்சம் இருந்தாலும் இரண்டாவது எதிரொலி 238இல், சரியாக அடுத்த ஸ்வரத்தின் தலையில் விழும். ஸ்வரம் மாறுகிற இடமெல்லாம் சேறாகிவிடும். இரண்டு பக்கமும் ஒரே அளவு சத்தம் வேண்டும். வலது பக்கம் குறைந்தால் நீங்கள் சொன்ன நொண்டல் வரும். ஸ்வரத்தின் நீளம் 119ஐத் தாண்டக் கூடாது. ஃபில்டரின் டிகேயை (ஒலி தேய்ந்து அடங்கும் நேரம்) 80, 90 மில்லி விநாடிக்குக் குறையுங்கள், இல்லாவிட்டால் ஒன்றின் வால் இன்னொன்றின் மேல் ஏறும்.

இவ்வளவும் செய்துவிட்டுப் போனில் கேட்காதீர்கள்! 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்தச் சின்ன ஸ்பீக்கரில் ஒன்றும் வராது. ஒற்றை ஸ்பீக்கர் என்றால் இடமும் வலமும் ஒன்றாகி, ஒலி பக்கம் மாறி மாறி வருவது போய்விடும். பாதிப் பாட்டைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறீர்கள். ஹெட்போனில் வலது பக்கத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள், அடி தள்ளி விழும். நடன அரங்கில் வலது ஸ்பீக்கர் அருகே ஆடுகிறவருக்குக் கிடைப்பது அந்தத் தள்ளிய அடிதான்.

காலால் அடிக்கும் பெரிய டிரம்மான கிக்கைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. பாட்டிலேயே அதிக மெஷின்தனமாகத் தோன்றுவது அதுதான். ஆனால் அதை வாசித்தது மனிதர், கீத் ஃபோர்சி. 'உஸ்' என்று கேட்கும் வெள்ளை இரைச்சலை வெட்டி, ஹை-ஹேட் தட்டுக்கும் ஸ்னேர் டிரம்முக்கும் அந்த மூக் சின்தசைசரிலேயே ஒலி எடுத்துவிட்டார்கள். நெஞ்சில் இடிக்கிற கிக் மட்டும் அதில் வரவில்லை. மெஷின் ஓட ஓட, அலங்காரம் எதுவும் இல்லாமல், பாட்டு முழுக்க ஒரே அடி. மிருதங்கம் வாசிக்கிற யாரையாவது கேளுங்கள், வெறும் தாளத்தை ஆறு நிமிடம் அசையாமல் பிடிப்பது எவ்வளவு கடினம் என்று சொல்வார்கள். அதன் மேல் டோனா சம்மர் தன் கனத்த குரலை ஒதுக்கிவைத்து, தலைக்குரலில் மிதந்து பாடுகிறார். சொற்கள் மிகக் குறைவு. கீழே எல்லாம் துடித்துக்கொண்டிருக்க, மேலே அவர் அவசரமே படவில்லை.

ஆகவே கிக்கை ஒரு அடி பதிந்து நகலெடுத்து ஒட்டாதீர்கள். தட்டினால் ஒலிக்கும் பேடில் விரலால் தட்டி ஆறு நிமிடமும் நீங்களே வாசியுங்கள். முதல் தடவை மூன்றாவது நிமிடத்தில் வேகம் ஏறிவிடும். கணினியை விட்டுத் திருத்தாமல் மறுபடி வாசியுங்கள். சரியாக வந்ததும் டிலே இல்லாமல் ஒருமுறை, டிலேயோடு ஒருமுறை இரண்டையும் எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.