கணக்குக் கேட்ட தம்பிக்கு என்ன பதில்?

கேள்வி: திருநெல்வேலிப் பக்கத்துச் சபை ஒன்றில் பல வருடங்களாகக் கமிட்டியிலும் பாடகர் குழுவிலும் இருக்கிறேன். யாராவது பாராட்டினால், "என்னிடம் ஒன்றுமில்லை, எல்லா மகிமையும் ஆண்டவருக்கே" என்றுதான் சொல்வேன். ஆனால் பிரதிஷ்டைப் பண்டிகை மலரில் என் பெயர் விடுபட்டபோது தூக்கமே வரவில்லை. சபைக் கூட்டத்தில் ஒரு வாலிபத் தம்பி சபை விருந்தான அசனத்தின் கணக்கைப் பற்றிக் கேட்டபோதும் கோபம் பொங்கியது. "முதலில் தாழ்மையைக் கற்றுக்கொள்" என்று சொல்லி உட்கார வைத்தேன். தாழ்மைக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். அதை வளர்த்துக்கொள்வது எப்படி?

பதில்: மலர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். உழைத்தவர் பெயர் விடுபட்டால் வலிக்கும். அதைப் பெரிய பாவமாக எண்ணி உங்களையே குத்திக்கொண்டிருக்க வேண்டாம். ஆண்டவரிடம் சொல்லுங்கள், ஆறிவிடும்.

சகோதரரே, என்னை நிறுத்தியது அதற்கு அடுத்த வரி. போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். உங்கள் கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது.

அந்தத் தம்பி கேட்டதில் என்ன தவறு? அசனம் சபை மக்கள் கொடுத்த அரிசியாலும் ஆட்டாலும் பணத்தாலும் நடப்பது. எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காக மக்கெதோனியா, அகாயா நாட்டுச் சபைகளில் பவுல் பணம் சேர்த்தாரே, அதை எப்படிக் கையாண்டார் என்று 2 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தில் பாருங்கள். தம் உடன் ஊழியரான தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரர்களை அனுப்புகிறார். அவர்களில் ஒருவர் சபைகளே தெரிந்தெடுத்தவர். இந்தப் பணத்தைக் குறித்து ஒருவரும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு எச்சரிக்கையாயிருக்கிறோம், கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனிதருக்கு முன்பாகவும் யோக்கியமாய் நடக்க விரும்புகிறோம் என்று காரணமும் சொல்கிறார். கொரிந்து சபையை நாட்டியவரே அவர்தான். "என்னையா சந்தேகப்படுகிறீர்கள்?" என்று அவர் கேட்கவில்லை. யாரும் கேட்பதற்கு முன்பே கணக்குக்கு வழி செய்து வைத்தார்.

அந்தியோகியாவில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். யூதரல்லாத புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். பேதுரு ஆண்டவரோடு கூடவே நடந்தவர். பவுலோ சபையைத் துன்பப்படுத்திவிட்டுப் பிறகு வந்தவர். "நேற்று வந்தவனுக்கு இவ்வளவு துணிச்சலா?" என்று கேட்கப் பேதுருவுக்கு எல்லா வசதியும் இருந்தது. பேதுருவின் இரண்டாம் நிருபத்தில் அதே பவுல் "நமக்குப் பிரியமான சகோதரனாகிய பவுல்" என்று வருகிறார். அந்த மூன்றாம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழும்.

இந்தப் பந்தி விவகாரம் நம் சபைகளுக்கும் வந்ததுதான். ஆலயத்தில் கலந்து உட்கார வேண்டும், சாதி பார்க்காமல் நற்கருணைக்கு வரவேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-ல் எழுதியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். எதிர்த்தவர்கள் ஜெபிக்காதவர்கள் அல்ல, பாடாதவர்களும் அல்ல. தங்களைத் தூசியென்றும் பாவியென்றும் ஆண்டவர் முன் சொல்லத் தெரிந்தவர்கள்தாம். பக்கத்தில் இன்னாரை உட்காரவைப்பதுதான் அவர்களால் முடியவில்லை. கொலோசெயருக்கு எழுதும்போது "மாயமான தாழ்மை" என்று ஒன்றைப் பற்றிப் பவுல் எச்சரிக்கிறார். ஞானம் என்ற பெயரோடு அது உலாவும் என்கிறார். "என்னிடம் ஒன்றுமில்லை" என்ற உங்கள் வழக்கமான பதிலையும் அந்த எச்சரிக்கையோடு ஒருமுறை வைத்துப் பாருங்கள். பாராட்டியவருக்கு "சந்தோஷம், நன்றி" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாலே போதும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் சபைகளில் தாழ்மையைப் பற்றிய புத்திமதி யாருக்குப் போகிறது என்று கவனியுங்கள். மருமகளுக்குப் போகிறது. உபதேசியாருக்கும் ஆலய வேலைகளைச் செய்யும் கோயில்பிள்ளைக்கும் போகிறது. கேள்வி கேட்கும் வாலிபருக்குத் தவறாமல் போகிறது. கமிட்டித் தலைவருக்கு யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? கடைசி இராப்போஜன இரவில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கால்களைக் கழுவக் குனிந்த இயேசு, "ஆண்டவரும் போதகருமாகிய நானே" என்று தம் தகுதியைச் சொல்லிவிட்டுத்தான் சீஷர்களுக்கு அதைக் கட்டளையிட்டார். அதிகாரம் உள்ளவரிடமிருந்து தொடங்கிய காரியம் அது. கீழே இருப்பவரின் வாயை அடைக்க அதைப் பயன்படுத்தும்போது ஆண்டவருடைய பெயரையே தவறாகப் பயன்படுத்துகிறோம். இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

இனி, வளர்ப்பது எப்படி என்று கேட்டீர்கள். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியின் மொந்தே கசீனோவில் மடம் நடத்திய பெனடிக்ட் இதற்கு அருமையான வழி வைத்திருந்தார். (துறவியாயிற்றே என்று தயங்காதீர்கள். நம் சபைப் பிரிவுகள் எதுவும் பிறவாத காலம் அது.) தாழ்மையின் பன்னிரண்டு படிகளைப் பற்றி அவர் எழுதியது பிரபலம். எனக்கு அதைவிட மேலாகத் தெரிவது அவர் அன்றாட வாழ்வை ஒழுங்குபடுத்திய விதம். மடத்தில் வரிசை, வந்து சேர்ந்த நேரத்தைப் பொறுத்தது. இரண்டாம் மணிக்கு வந்தவர் எவ்வளவு பெரிய மனிதரானாலும் முதல் மணிக்கு வந்தவருக்கு இளையவர். முக்கியமான காரியம் எதுவானாலும் தலைவர் எல்லாரையும் கூட்டிக் கேட்கவேண்டும், சிறியவர்கள் உட்பட. நல்ல யோசனையை ஆண்டவர் பல வேளைகளில் இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்று அதற்குக் காரணமும் எழுதினார். கைத்தொழிலில் கெட்டிக்காரர் தன் திறமையால் கர்வப்பட்டால், அந்த வேலையிலிருந்து அவரை எடுத்துவிட வேண்டும்.

சமையல்கட்டிலும் முறை உண்டு. நோயாளிகளும் தவிர்க்க முடியாத அலுவல் உள்ளவர்களும் போக, மற்றவர்கள் வாரம் ஒருவராகப் பரிமாறவேண்டும். சனிக்கிழமை, வாரம் முடிப்பவர் எல்லாரும் கைகால் துடைத்த துண்டுகளைத் துவைக்கவேண்டும். அவரும் அடுத்த வாரத்துக்கு வருபவரும் சேர்ந்து எல்லாருடைய கால்களையும் கழுவவேண்டும். பாத்திரங்களைச் சுத்தமாகவும் உடையாமலும் பண்டகப் பொறுப்பாளரிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும். உனக்குத் தாழ்மை வந்துவிட்டதா என்று பெனடிக்ட் அங்கே கேட்கவில்லை, துண்டு துவைத்தாயிற்றா என்றுதான் பார்த்தார்.

ஆகவே உங்கள் மனதுக்குள் தாழ்மை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தினமும் பார்த்துக்கொண்டிருப்பதை விடுங்கள். இந்த வாரமே அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போங்கள். அவனைக் கூப்பிட்டனுப்ப வேண்டாம், நீங்களே போங்கள். "நான் உன்னைப் பேசவிடாமல் செய்தது தவறு" என்று சொல்லுங்கள், அதற்குமேல் விளக்கம் வேண்டாம். எல்லார் முன்னிலையிலும் உட்கார வைத்ததால், அடுத்த சபைக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் அதையே சொல்லவேண்டும். அசனத்துக்கு வந்த அரிசி எவ்வளவு, ஆடு எத்தனை, மீதிப் பணம் எங்கே என்று ரசீதுகளோடு அன்றே வாசித்துவிடுங்கள். கணக்கில் குறை இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அவன் மன்னிக்காமலும் போகலாம். அப்போதும் கணக்கை வாசிக்கத்தான் வேண்டும், அது சபைக்குச் சேரவேண்டிய கடன். அடுத்த வருடக் கணக்கைச் சரிபார்க்கும் இருவரில் ஒருவராக அவனை நியமிக்கும்படி கமிட்டியில் நீங்களே முன்மொழியுங்கள்.