பிளக் பொருந்திவிட்டால் சார்ஜ் ஏற்றிவிடலாமா?

கேள்வி: என் மகனிடம் 1/10 அளவு ரிமோட் கார் இருக்கிறது. அதனுடன் 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரி, வெள்ளை நிற டாமியா பிளக், சுவரில் செருகும் சிறிய சார்ஜர் ஆகியவை வந்தன. வேகம் போதவில்லை என்று 7.4 வோல்ட், 5000 எம்ஏஎச் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி ஒன்று வாங்கினோம். அதில் மஞ்சள் நிற எக்ஸ்டி60 பிளக் இருக்கிறது. கடைக்காரர் ஓர் அடாப்டர் ஒயரைக் கொடுத்து, "இதைப் போட்டால் பழைய சார்ஜரிலேயே ஏற்றலாம், காரிலும் மாட்டலாம்" என்றார். இரண்டு முறை ஏற்றிவிட்டோம். இரண்டாம் முறை பேட்டரி சூடாக இருந்தது. இப்படிச் செய்யலாமா? எல்லாவற்றையும் எந்தக் கனெக்டருக்கு மாற்றுவது?
– வாசகர், ஈரோடு

பதில்: அந்தச் சுவர் சார்ஜரை இன்றே எடுத்துத் தனியாக வையுங்கள். லிப்போ பேட்டரிக்கு இனி ஒருமுறைகூட அதை மாட்டாதீர்கள். கனெக்டர் பற்றிய உங்கள் கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

அடாப்டர் என்பது இரண்டு துண்டு ஒயர், இரண்டு பிளக், அவ்வளவுதான். அதற்குள் எந்த அறிவும் கிடையாது. எவ்வளவு வோல்ட் போகிறது, எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் சார்ஜரின் வேலை. உங்கள் பழைய சார்ஜர் ஆறு நிக்கல் செல்களுக்காகச் செய்யப்பட்டது. நிக்கல் செல் நிரம்பும் தறுவாயில் ஒவ்வொன்றும் 1.4 முதல் 1.5 வோல்ட் வரை ஏறும். ஆறும் சேர்ந்தால் 9 வோல்ட்டை நெருங்கும். உங்கள் 7.4 வோல்ட் லிப்போவில் இருப்பவை இரண்டு செல்கள். அது 8.4 வோல்ட்டில் நின்றே ஆக வேண்டும். இதை அந்தச் சார்ஜர் அறியாது. பெட்டியோடு வரும் மலிவான சார்ஜர்கள் பலவற்றில் நிறுத்தும் ஏற்பாடே இருக்காது. நீங்கள் கழற்றும்வரை அவை தள்ளிக்கொண்டே இருக்கும். பேட்டரி சூடானது அதனால்தான் என்று நினைக்கிறேன். லிப்போ பேட்டரி சார்ஜ் ஏறும்போது சூடாகவே கூடாது. அடுத்து அது உப்பலாம், அதற்கடுத்து தீப்பிடிக்கலாம்.

"பொருந்துகிறது, ஆகவே சரி" என்று சொல்லி அடாப்டரை விற்பவர்கள் மீது எனக்கு உண்மையிலேயே கோபம் இருக்கிறது. சின்ன ஒயர் ஒன்றைக் கூடுதலாக விற்பதற்காக, ஒரு குழந்தை தூங்கும் அறையில் தீயை வைக்கிறார்கள். வாங்குபவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பேட்டரியை வீட்டுக்கு வெளியே சிமென்ட் தரையில் வைத்துப் பாருங்கள். உறை சற்றேனும் உப்பியிருந்தால் அந்தப் பேட்டரியைக் கழித்துவிடுங்கள். உப்பவில்லை என்றால் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 8.4 வோல்ட்டைத் தாண்டியிருந்தால் அதையும் நான் நம்பமாட்டேன். கழித்த பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். 2022-ஆம் ஆண்டிலேயே பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் வந்துவிட்டன. திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கும் இறக்குமதியாளருக்கும் உண்டு. ஆனால் நான் கேட்ட கடைகளில் "எங்களுக்குத் தெரியாது" என்று கையை விரிக்கிறார்கள். விதி தாளில் இருக்கிறது, வாங்கிக்கொள்ள ஆளைக் காணோம். மின்கழிவு சேகரிப்பு மையம் உங்கள் ஊரில் எங்கே இருக்கிறது என்று மாநகராட்சியிடம் கேளுங்கள், விடாமல் கேளுங்கள்.

இனி கனெக்டர். எக்ஸ்டி60-யையே வைத்துக்கொள்ளுங்கள். டாமியா பிளக்கில் மெல்லிய தகரக் குழாய்கள்தாம் ஒன்றையொன்று தொடுகின்றன. 15 ஆம்பியர் வரை தாங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் காரில் இருக்கும் 540 வகை மோட்டார் புல்லில் சிக்கிச் சுழலாமல் நின்றால், 50 ஆம்பியருக்கு மேல்கூட இழுக்கும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் பிளக்கில் எழும் வெப்பம் நான்கு மடங்காகும். வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பாகி உருகுவது அப்படித்தான். எக்ஸ்டி60-இல் 3.5 மில்லிமீட்டர் தடித்த பித்தளை ஊசிகள் உள்ளன. உங்கள் அளவு காருக்குத் தாராளம். வேறு வகைகளும் நல்லவையே. ஆனால் சில நிறுவனங்கள் தமக்கென்று ஒரு பிளக்கை வைத்து வாங்குபவரைக் கட்டிப்போடுகின்றன. பெட்டியின் மேல் வோல்ட் இருக்கிறது, எம்ஏஎச் இருக்கிறது. கனெக்டரின் பெயரைத் தேடினால் பல பெட்டிகளில் கிடைப்பதில்லை. ஆகவே ஒரு வீட்டுக்கு ஒரே வகைக் கனெக்டர் என்று முடிவெடுத்துவிடுங்கள்.

ஒரு நல்ல செய்தி: பேட்டரியில் ஏற்கெனவே எக்ஸ்டி60 இருக்கிறது. மாற்ற வேண்டியது கார்ப்பக்கம் மட்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டால் கார்ப்பக்க ஒயரில் மின்சாரமே இல்லை. சால்டரிங் தெரிந்த யாரும் பயமின்றிச் செய்யலாம். பிளாஸ்டிக்கின் மேல் பொறித்திருக்கும் கூட்டல் குறிக்கு நேராகச் சிவப்பு ஒயர் வர வேண்டும். மாறிவிட்டால் மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் பலகை அந்த நொடியே போய்விடும். அந்தப் பலகை லிப்போவுக்கு ஏற்றதா என்று காரின் கையேட்டில் பாருங்கள். பேட்டரி இறங்கும்போது தானாக நிறுத்தும் வசதி அதில் இல்லை என்றால், பேட்டரியின் சிறிய வெள்ளைப் பிளக்கில் செருகும் எச்சரிக்கை ஒலிப்பான் ஒன்று வாங்கி, செல்லுக்கு 3.5 வோல்ட்டில் ஒலிக்குமாறு வையுங்கள். ஒலித்ததும் ஓட்டத்தை நிறுத்த வேண்டும்.

புதிதாக வாங்க வேண்டியது பேலன்ஸ் சார்ஜர், அதாவது ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனித்துச் சமமாக ஏற்றும் சார்ஜர். 50 வாட் திறன் போதும். திரையில் லிப்போ, இரண்டு செல், 5 ஆம்பியர் என்று அமைத்து, பேட்டரியின் தடித்த பிளக்கையும் மூன்று ஊசி கொண்ட சிறிய வெள்ளைப் பிளக்கையும் சேர்த்தே மாட்டுங்கள். இதில் பலரும் மாட்டிக்கொள்ளும் பொறி ஒன்று உண்டு. சில சார்ஜர் ஒயர்களின் ஒரு முனையில் எக்ஸ்டி60, மறுமுனையில் சிவப்பும் கறுப்புமாக, சார்ஜரில் செருகும் இரண்டு வாழைப்பழ ஊசிகள் (பனானா பிளக்) இருக்கும். பேட்டரியை முதலில் மாட்டிவிட்டால், திறந்து கிடக்கும் அந்த ஊசிகள் இரண்டும் மேசையில் ஒன்றையொன்று தொடும். எனக்கு இது ஒருமுறை நடந்திருக்கிறது. ஊசிகள் பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொண்டன. முதலில் சார்ஜரில் ஊசிகள், பிறகுதான் பேட்டரி. கழற்றும்போது பேட்டரி முதலில்.

அடாப்டரே கூடாதா என்று கேட்பீர்கள். ஓர் இடத்தில் கூடும். உங்கள் பழைய நிக்கல் பேட்டரியைப் புதிய சார்ஜரில் ஏற்றலாம். அதற்கு டாமியாவிலிருந்து எக்ஸ்டி60-க்குப் போகும் அடாப்டர் வேண்டும். ஏன் இங்கே மட்டும் கூடும்? ஏற்றும்போது 2 ஆம்பியர்தான் போகிறது. அதை டாமியா பிளக் எளிதில் தாங்கும். நிறுத்தும் அறிவும் புதிய சார்ஜரில் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் திரையில் நிக்கல் முறைக்கு மாற்றியாக வேண்டும். பிளக் இறுக்கமாகவும் இருக்க வேண்டும்: நிக்கல் நிரம்பியதை வோல்ட் சற்றே இறங்குவதை வைத்துத்தான் சார்ஜர் கண்டுபிடிக்கிறது, பிளக் தளர்ந்து ஆடினால் அந்தக் கணக்கு தப்பி, பாதியிலேயே நின்றுவிடும். இந்த அடாப்டர் காருக்குப் போகவே கூடாது, லிப்போ பக்கமும் வரக்கூடாது. அதன் மேல் "நிக்கல் மட்டும்" என்று எழுதி ஒட்டிவிடுங்கள். கடைக்காரர் உங்களுக்குத் தந்ததை இதற்குப் பயன்படுத்த முடியாது. அதன் முனைகள் நேர் எதிராக அமைந்தவை.

அந்த அடாப்டரின் எக்ஸ்டி60 முனையை வெட்டிக் காரில் சேர்க்கலாமே என்று உங்கள் மகன் கேட்கக்கூடும். கார்ப்பக்கத்துக்கு வேண்டிய முனைதான் அது. ஆனால் அதன் ஒயரைப் பேட்டரியின் சிவப்பு ஒயரோடு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். மெலிந்திருந்தால் வேண்டாம், புதிய எக்ஸ்டி60 ஒன்று வாங்கி, காரிலிருந்து வரும் ஒயரிலேயே நேராக வையுங்கள்.